போனில் பூசை, போனில் செபம்: வன்னியில் சனம் கேட்கிற கேள்விகள்

கொரோனாக் காலத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கிய நேரலைப் பூசை, எங்கள் பக்கக் கோயில்கள் பலவற்றில் இப்போது நிரந்தரமாகிவிட்டது. கூடவே கேள்விகளும் வந்துவிட்டன. கோயில் வாசலிலும் அன்பியக் கூட்டத்திலும் செத்தவீட்டுப் பந்தலிலும் சனம் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் குருவானவர் இல்லை, கோயில் வேலைகளில் நிற்கிற பொதுநிலையாள். திருச்சபை சொல்வதைத் திருச்சபை சொல்வதாகவும் என் கருத்தை என் கருத்தாகவும் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு நிலைமை கொஞ்சம் சிக்கலானது என்றால் பங்குத்தந்தையிடம் நேரே கேளுங்கள்.

ஞாயிறு பூசையை யூரியூப்பில் பார்த்தால் கடன் தீர்ந்துவிடுமா?

கோயிலுக்குப் போகக்கூடியவருக்குத் தீராது. திருச்சபைச் சட்டத்தின் 1247ஆம் இலக்கம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாட்களிலும் திருப்பலியில் பங்குபற்றச் சொல்கிறது, பங்குபற்றுவது என்றால் அந்த இடத்தில், அந்தச் சனத்தோடு சேர்ந்து நிற்பது. வத்திக்கான் 2002ஆம் ஆண்டிலேயே, வன்னியில் இணையம் என்ற சொல்லைக்கூடப் பலர் கேட்டிராத காலத்திலேயே, திருச்சபையும் இணையமும் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டு, ஞானஸ்நானம், நற்கருணை, பாவசங்கீர்த்தனம் போன்ற அருட்சாதனங்கள் இணையத்தில் கிடையாது என்று தெளிவாக எழுதிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு, வழிபாட்டுக்குப் பொறுப்பான வத்திக்கான் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் றொபேர்ட் சாரா 2020 ஓகஸ்ட் 15 திகதியிட்ட கடிதத்தில், எந்த ஒளிபரப்பும் நேரில் பங்குபற்றுவதற்கு ஈடாகாது என்று ஆயர்களுக்கு எழுதினார். பாப்பரசர் பிரான்சிஸ் 2020 மார்ச் 9 தொடக்கம் இரண்டு மாதத்துக்கு மேல் ஒவ்வொரு நாள் காலையும் தன் பூசையை நேரலையாகக் கொடுத்தவர். அந்த நாட்களிலேயே, ஏப்ரல் 17 மறையுரையில், திரைக்குள் மட்டும் இருப்பது திருச்சபை ஆகாது, இது கஷ்டகாலத்தில் மட்டும்தான் என்று எச்சரித்தார். இத்தாலியில் கோயில்கள் திறந்ததும் அந்த நேரலையை நிறுத்தியும் விட்டார்.

பாரிசில் இருக்கிற மகனை இரவில் வீடியோ அழைப்பில் பார்க்கிற தாய் சந்தோசப்படுகிறார், சாப்பிட்டாயா என்று கேட்கிறார், சிலவேளை அழவும் செய்கிறார். ஆனால் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அவர் ஒருநாளும் சொல்வதில்லை.

ஞாயிறு விடிய கடலுக்குப் போகிறவர்கள், வயலில் தண்ணீர் முறை வருகிறவர்கள் கேட்பதுண்டு. சனி பின்னேரப் பூசை ஞாயிறு கடனுக்குப் போதும், 1248ஆம் இலக்கம் அதைச் சொல்கிறது. அது உங்கள் கோயிலில் இல்லாவிட்டால் பக்கத்துப் பங்கில் எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள், எந்தக் கத்தோலிக்கக் கோயிலில் பங்குபற்றினாலும் செல்லும்.

அப்படியானால் படுக்கையில் கிடக்கிற எங்கள் அம்மம்மா ஒவ்வொரு ஞாயிறும் பாவம் செய்கிறாரா?

இல்லவே இல்லை. கடும் வருத்தம், முதுமை, கைக்குழந்தையைப் பார்க்க வேறு ஆள் இல்லாமை, நோயாளியைத் தனியே விட்டுவர முடியாமை போன்ற பாரமான காரணம் இருப்பவருக்கு அந்தக் கடனே இல்லை. ஆகவே நேரலை பார்க்காவிட்டாலும் அம்மம்மாவுக்குக் குற்றம் இல்லை, பார்த்தால் அது அவருக்குப் பெரிய கொடை. தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி என்று ஒரு புனிதை இருப்பது பலருக்குத் தெரியாது. அசிசி நகர் புனித கிளாராதான் அவர். வருத்தத்தில் எழும்ப முடியாமல் கிடந்தபோது, கோயிலில் நடந்த நத்தார்ப் பூசையைத் தன் அறைச் சுவரில் கண்டார் என்ற வரலாற்றை வைத்துப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1958இல் அவரை அப்படி அறிவித்தார். படுக்கையில் கிடந்தவரைத்தான் அந்தப் பணிக்கு எடுத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விசயம்.

அம்மம்மாவுக்காகச் செய்யக்கூடியவை: போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் கண்மட்டத்தில் எங்காவது சாய்த்து வையுங்கள். பக்கத்தில் பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் இயேசு தொங்குகிற உருவம்) மெழுகுதிரியும் இருக்கட்டும். குசினி வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வீட்டில் ஒருவராவது கூட இருந்து பதில் சொல்லுங்கள். நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்கும் நேரத்தில் ஞான நற்கருணைச் செபம் சொல்லலாம், அதாவது ஆண்டவரே, இப்போது உம்மை அருட்சாதனத்தில் வாங்க முடியாமல் இருக்கிறேன், என் உள்ளத்திலாவது வாரும் என்று கேட்கிற செபம். புனித அல்போன்ஸ் லிகோரியார் எழுதிய வடிவத்தைத்தான் அநேகமான இடங்களில் சொல்கிறார்கள். மனப்பாடம் இல்லாவிட்டால் சொந்தச் சொல்லில் கேட்டாலும் போதும்.

இனி முக்கியமானது. அம்மம்மாவுக்கு நற்கருணை வீட்டுக்கு வரவேண்டும். மாதத்தின் முதல் வெள்ளியில் வருத்தக்காரருக்கு நன்மை கொண்டுபோகிற வழக்கம் எங்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. நேரலை வந்த பிறகு சில இடங்களில் இது தளர்ந்துபோனதை நான் கவலையோடு பார்க்கிறேன். "அவர் போனில் பார்க்கிறார்தானே" என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள், பங்கிலும் பெயர் விடுபட்டுப் போகிறது. லிங்க் அனுப்பியதோடு எங்கள் கடமை முடிவதில்லை. பங்குத்தந்தைக்கோ நற்கருணைப் பணியாளருக்கோ சொல்லுங்கள். ஒரு மணி நேர உபவாச விதிகூட முதியோருக்கும் நோயாளிக்கும் அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும் இல்லை, அதனால் மருந்து குடித்துவிட்டேனே, கஞ்சி குடித்துவிட்டேனே என்று யாரும் தயங்க வேண்டாம்.

நேரலை தவறிவிட்டது, பின்னேரம் பதிவைப் பார்க்கலாமா?

பாருங்கள். வாசகமும் மறையுரையும் கேட்கலாம், செபிக்கலாம். நேரலையாக இருந்தால்தான் நல்லது என்று சொல்வதற்குக் காரணம், கோயிலில் அந்த நிமிடம் உண்மையாகவே பலி நடக்கிறது, நீங்கள் அந்த நேரத்தில் மனதால் அதோடு சேர்கிறீர்கள். பதிவில் அது நடந்து முடிந்துவிட்டது. வேகத்தை இரட்டிப்பாக்கிப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எங்கள் ஊரில் சிக்னலும் ஒழுங்காக இல்லை, மாதத்தில் சில ஞாயிறுதான் ஃபாதரும் வருகிறார். நாங்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் ஏதோ பின்தங்கிவிட்டதுபோல வெட்கத்தோடு கேட்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டாம். குருவானவர் இல்லாததால் பூசை இல்லாத இடத்தில், இறைவார்த்தை வழிபாட்டில் கூடுவதையோ, தனியாக, குடும்பமாக, பல குடும்பங்கள் சேர்ந்து உரிய நேரம் செபிப்பதையோ திருச்சபைச் சட்டம் 1248இன் இரண்டாம் பகுதி மிகவும் பரிந்துரைக்கிறது. பக்கத்தில் பூசை இருந்து போக வழியும் இருந்தால் போகத்தான் வேண்டும். இல்லாத நாளில் கிளைக்கோயிலைத் திறந்து, மணி அடித்து, அன்றைய வாசகங்களை வாசித்து, செபமாலை சொல்லுங்கள். என் கருத்தைக் கேட்டால், பத்து வீடு தனித்தனியாகப் பத்து போனைப் பார்ப்பதைவிட அந்தப் பத்து வீடும் கோயிலில் கூடுவது எவ்வளவோ மேல்.

இந்த மண்ணின் கதையே அதுதானே. ஒல்லாந்தர் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபோது குருக்கள் துரத்தப்பட்டார்கள். பிறகு ஏறக்குறைய முப்பது வருடம், 1687இல் யோசவ்வாஸ் அடிகள் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரைக்கும், விசுவாசத்தைக் காத்தது மூப்பர்மாரும் வீடுகளில் சொன்ன செபமாலையும்தான். அவர் வந்ததும் கத்தோலிக்கரைக் கண்டுபிடிக்கக் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு பிச்சைக்காரர் போல வீடுவீடாகப் போனார் என்பார்கள். மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன குடும்பங்களின் கதையும் அதே காலத்தது, மருதமடு, அதாவது மடு மாதா கோயில், அப்படித்தான் உண்டானது என்று எங்கள் முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள்.

யுத்த காலத்தில் கரண்டும் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ் ஒலிபரப்பு அப்படித்தான் வீடுகளுக்குள் வந்தது. இப்போது வேரித்தாஸும் 2018இல் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. செட்டிகுளத்து முகாம்களில் தறப்பாளுக்குக் கீழே பூசை கண்டோம், 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம்கூட மின்வெட்டு இருந்தபோது மெழுகுதிரியில் செபமாலை சொன்னோம். எல்லாவற்றிலும் சனம் கூடியது.

ஒரு சின்ன வழியும் சொல்கிறேன். ஒரு மணி நேர வீடியோவுக்கு நூற்றுக்கணக்கான எம்பி டேட்டா போகும், குரல்பதிவுக்கு மிகக் கொஞ்சம். மறையுரையை மட்டும் குரல்பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி உங்கள் பங்கில் கேளுங்கள், சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போகும்போது யாராவது இறக்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர் ஃபாதரிடம் வட்ஸ்அப்பில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?

செல்லாது. குருவும் பாவமன்னிப்புக் கேட்கிறவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 2020இல், உலகமே பூட்டிக் கிடந்தபோதுகூட, பாவமன்னிப்பு விடயங்களைக் கவனிக்கிற வத்திக்கான் துறை போன் வழியான பாவசங்கீர்த்தனத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை. அருட்சாதன முத்திரை என்கிற இரகசியக் காப்பும் இருக்கிறது, போனில் யார் பதிவு செய்கிறார்கள், யார் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஆலோசனை கேட்கலாம், அழுது கதைக்கலாம், செபிக்கச் சொல்லலாம். அது பெரிய ஆறுதல்தான், ஆனால் பாவமன்னிப்பு அல்ல. அவசர நிலையில் குருவானவர் கிடைக்காவிட்டால் உத்தம மனஸ்தாபம் இருக்கிறது: கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிப்பதால் பாவத்துக்காக மனம் வருந்தி, வாய்ப்புக் கிடைத்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதியாக முடிவெடுத்தால் சாவான பாவமும் மன்னிக்கப்படும். பிள்ளைகளுக்கு மனஸ்தாப செபத்தைக் கட்டாயம் பாடமாக்கிக் கொடுங்கள்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் வேறொன்று இருப்பதையும் கண்டிருக்கிறேன். யுத்த கால விசயங்களை மனதில் சுமக்கிற சிலருக்கு, ஒவ்வொரு நாளும் முகம் பார்க்கிற பங்குத்தந்தையிடம் வாய் திறக்க வருவதில்லை. அது பிழையில்லை. வேறு பங்குக்குப் போங்கள், மடுவுக்குப் போங்கள். திருவிழாக் காலத்தில் அங்கே உங்களைத் தெரியாத குருக்கள் பலர் இருப்பார்கள்.

பாப்பரசர் ரீவியில் கொடுக்கிற ஆசீர்வாதம் எங்களுக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். நத்தாருக்கும் உயிர்ப்புக்கும் அவர் உரோமைக்கும் உலகுக்கும் என்று கொடுக்கிற ஆசீர்வாதத்தை றேடியோ, ரீவி, இணையம் வழியாக அந்த நேரத்தில் பக்தியோடு பெறுகிறவருக்கும் வழக்கமான நிபந்தனைகளோடு பரிபூரண பலன், அதாவது பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்குகிற பலன், உண்டு. 2020 மார்ச் 27ஆம் திகதி மழையில் நனைந்த வெறும் சதுக்கத்தில் பிரான்சிஸ் நற்கருணை ஆசீர்வாதம் கொடுத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆசீர்வாதம் செபத்தைச் சேர்ந்தது, தூரத்திலும் வரும். நற்கருணையை உண்ண வேண்டும், தண்ணீரைத் தலையில் ஊற்ற வேண்டும், எண்ணெயைப் பூச வேண்டும். அதனால் அவை போனில் வராது. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

போனில் பைபிளும் செபமாலையும் வைத்திருக்கலாமா? கோயிலில் போனைப் பார்த்து வாசகம் வாசிக்கலாமா?

தனிச் செபத்துக்குத் தாராளமாக. பஸ்சில், ஆஸ்பத்திரி வரிசையில், இரவு யானைக்குக் காவல் இருக்கிற குடிலில் அன்றைய வாசகத்தைப் போனில் வாசிக்கிறவர்களை எனக்குத் தெரியும், எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பதால் கண் மங்கிய வயோதிபர்களுக்கு அது வரப்பிரசாதம். செபமாலைச் செயலியும் நல்லது. மணிமாலையைக் கையில் வைத்துக்கொண்டு காரணிக்கங்களை (செபமாலையில் தியானிக்கிற மறைபொருள்களை) மட்டும் போனில் பார்ப்பது இன்னும் நல்லது, கைக்கு ஒரு வேலை இருந்தால் மனம் அலைவது குறையும்.

வாசக மேடையில் நிலைமை வேறு. அங்கே புத்தகத்துக்கே ஒரு மரியாதை உண்டு. பவனியில் தூக்கி வருகிறோம், நற்செய்தி வாசித்து முடிய முத்தமிடுகிறார்கள். அந்த இடத்தில், சற்று முன் யாரோ மிஸ்ட் கோல் விட்ட போனை வைக்கலாமா? நியூசிலாந்து ஆயர்கள் 2012இலேயே பூசையில் குருக்கள் ஐபேட்டைப் பார்த்துச் செபிப்பது கூடாது, திருவழிபாட்டுப் புத்தகமே வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாடகர் குழு பாட்டுவரிக்குப் போன் பார்ப்பதை அவ்வளவு கடுமையாக நான் பார்க்கவில்லை, ஆனால் சத்தத்தையும் டேட்டாவையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பூசை நேரத்தில் படம், வீடியோ எடுப்பது பிழையா?

பாப்பரசர் பிரான்சிஸ் 2017 நவம்பர் 8ஆம் திகதி பொது மறைக்கல்வி உரையில் இதை வெளிப்படையாகவே சொன்னார்: குரு இதயங்களை மேலே எழுப்பச் சொல்கிறார், படம் எடுக்கப் போன்களை மேலே தூக்கச் சொல்லவில்லை. குருக்களும் ஆயர்களும்கூட அப்படிச் செய்வதைக் கண்டு வருத்தப்பட்டார். முதல் நன்மை, உறுதிபூசுதல், கலியாணம் என்றால் ஒரு படப்பிடிப்பாளரை ஒழுங்கு செய்து, அவருக்கு எங்கே நிற்கலாம் என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள், பெற்றோர் பிள்ளையைக் கண்ணால் பார்க்கட்டும்.

எங்கள் பகுதிக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்வாங்கில் இருந்து அழுகிற தாய்மார் இன்னும் எங்கள் கோயில்களில் இருக்கிறார்கள். மே மாத நினைவுப் பூசைகளில் அவர்களுடைய முகத்தைக் கிட்ட எடுத்துப் பேஸ்புக்கில் போடுகிறார்கள். யார், எதற்குப் படம் எடுக்கிறார்கள் என்ற பயம் இன்னும் போகாத ஊர் இது. கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டாலும், அந்த நேரத்தில் எடுக்காதீர்கள்.

மடுத் திருவிழாவை நேரலையில் பார்த்தால் போய்வந்த பலன் உண்டா?

யாத்திரை என்றால் உடம்பும் போகவேண்டும். யூலை 2க்கும் ஓகஸ்ட் 15க்கும் மரத்தடியில் கூடாரம் அடித்து, தண்ணீருக்கு வரிசையில் நின்று, பக்கத்துக் கூடாரத்துச் சிங்களக் குடும்பத்தோடு தேத்தண்ணி பகிர்ந்து, சுரூபம் வரும்போது கூட்டத்தில் நெரிபட்டுக் கைகூப்புவதெல்லாம் சேர்ந்துதான் மடு. 1999 நவம்பரில் அதே வளாகத்தில் எறிகணை விழுந்து தஞ்சம் புகுந்திருந்தவர்கள் செத்ததும், 2008 ஏப்ரலில் மாதாவையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்ததும், 2015 சனவரி 14இல் பிரான்சிஸ் வந்து நின்று செபித்ததும் அந்த நிலத்தில்தான் நடந்தன. அங்கே கால்வைக்கிறபோது வருகிற செபம் வேறு.

ஆனால் விசா இல்லாமல், பத்திரம் இல்லாமல், லீவு இல்லாமல் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நேரலைதான் மடு. இங்கே விடிய ஆறு மணி என்றால் பாரிசில் அதிகாலை இரண்டரை, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு எட்டரை. அந்த நேரத்திலும் எழும்பியிருந்து முழந்தாளில் செபிக்கிறவர்களின் செபத்தை மாதா கேட்காமல் விடுவாரா என்ன? ஆகவே பார்க்கிறவர்கள் செபிக்கவே பாருங்கள், சமையலுக்குப் பின்னணிச் சத்தமாகப் போடாமல்.

மடுவில் நிற்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கிருக்கிற சித்தி, இங்கிருக்கிற மாமா என்று ஒவ்வொருவருக்கும் அழைப்பு எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தால் நீங்கள் எப்போது செபிப்பது? ஒருமுறை எடுங்கள், மாதாவைக் காட்டுங்கள், அவர்கள் வேண்டுதலைச் சொல்லி முடிக்கட்டும், பிறகு போனைப் பையில் வையுங்கள்.

செத்தவீட்டையும் அடக்கப் பூசையையும் நேரலையாகப் போடலாமா?

தடை எதுவும் இல்லை. திருச்சடங்குகளை ஒலி, ஒளிபரப்புவதைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே, திருவழிபாட்டுச் சட்டத்தின் 20ஆம் இலக்கத்தில், விவேகத்தோடும் கண்ணியத்தோடும் பொறுப்பான ஒருவரின் கீழ் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டது. தாய் தகப்பனின் அடக்கத்துக்கு வர முடியாமல் பனி நாட்டில் தனி அறையில் இருந்து அழுகிறவர்கள் எத்தனை பேர். அவர்களுக்கு அந்தத் திரை எவ்வளவு பெரிது என்பதை நினைத்தால் நேரலை வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது.

சில ஒழுங்குகள் வேண்டும். குடும்பத்தில் எல்லாரையும் கேளுங்கள். முகத்தைக் கிட்டக் காட்டாதீர்கள், பெட்டி மூடுகிற நேரத்தில் போனைத் திருப்பிவிடுங்கள். இணைப்பு வரவில்லை என்று ஃபாதரைக் காத்திருக்க வைக்காதீர்கள். பொதுவான பேஸ்புக் பக்கத்தில் போடுவதைவிட குடும்பத்துக்கு மட்டும் லிங்க் அனுப்புவது நல்லது.

வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: அடக்கத்தை நேரலையில் பாருங்கள், 31ஆம் நாள் பூசையை நீங்கள் இருக்கிற ஊர்க் கோயிலில் ஒப்புக்கொடுத்து நேரே போய் நன்மை வாங்குங்கள். இங்கே நடப்பதும் அங்கே நடப்பதும் ஒரே பலி. ஊரில் நடக்கிறதைத் திரையில் பார்ப்பதோடு நின்றுவிட்டால், பக்கத்துத் தெருவில் இருக்கிற ஆண்டவரை விட்டுவிட்டு ஏழாயிரம் மைலுக்கு அப்பால் தேடுகிற மாதிரி ஆகிவிடும்.

பூசைக்காசை வங்கி வழியாக அனுப்பலாமா?

அனுப்பலாம். பூசைக் கருத்துக்குக் காணிக்கை வாங்குவதைச் சட்டம் 945 அனுமதிக்கிறது, வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று 947 சொல்கிறது. காசில்லாதவரின் கருத்துக்கும் பூசை வைக்கக் குருக்களை அதே 945 தூண்டுகிறது, அதனால் கையில் காசில்லை என்று ஏழைகள் தயங்க வேண்டாம்.

பயப்பட வேண்டியது மோசடிக்கு. ஃபாதரின் படத்தைப் போட்டு வட்ஸ்அப்பில் "அவசரமாகப் பணம் தேவை" என்று வந்தால் உடனே அனுப்பாதீர்கள், அவருடைய பழைய இலக்கத்துக்கு எடுத்துக் குரலைக் கேளுங்கள். போனுக்கு வருகிற குறியீட்டு இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கணக்கு பங்கின் பெயரிலா, தனியாளின் பெயரிலா என்று பாருங்கள்.

"இந்தச் செபத்தை 12 பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் துன்பம் வரும்" என்று வருகிறதே?

அழித்துவிடுங்கள். ஒன்றும் நடக்காது. எண்ணிக்கையிலும் அனுப்புகிற செயலிலும் பலன் இருக்கிறது என்று நம்புவதைத்தான் திருச்சபையின் படிப்பினைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு மூடநம்பிக்கை என்கிறது. இதில் எனக்குக் கோபம் வரக் காரணம், ஏற்கனவே ஆயிரம் இழப்பைக் கண்ட ஒரு தாய்க்கு மாதாவின் படத்தைப் போட்டுப் பயம் காட்டுகிறார்கள். உறவினர் அனுப்பியிருந்தால் அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஏஐயிடம் செபம் எழுதித் தரச் சொல்லலாமா? சந்தேகம் கேட்கலாமா?

மன்றாட்டு எழுத, மறைக்கல்விப் பாடத்துக்குக் குறிப்பெடுக்க உதவியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் சரிபார்க்காமல் கோயிலில் வாசிக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க நிறுவனம் குருவானவர் வடிவத்தில் ஓர் ஏஐ பாத்திரத்தை வெளியிட்டது. அது தன்னை உண்மையான குரு என்று சொன்னது, விளையாட்டு வீரர்கள் குடிக்கிற ஒரு பானத்தால் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றும் சொன்னது. ஓரிரு நாளில் அங்கியைக் கழற்றிச் சாதாரண ஆளாக மாற்ற வேண்டியதாயிற்று. வத்திக்கான் 2025 சனவரி 28இல் செயற்கை நுண்ணறிவு பற்றி வெளியிட்ட ஆவணம், மனிதன் தன் கையால் செய்த ஒன்றைக் கடவுளின் இடத்தில் வைத்துவிடும் ஆபத்தைச் சுட்டிக்காட்டுகிறது.

உங்கள் சொந்தச் செபத்துக்கு அது எதற்கு? "ஆண்டவரே, மழை இல்லை, பயிர் கருகுகிறது" என்று கொச்சையாகச் சொன்னாலும் அது உங்கள் நெஞ்சிலிருந்து வருகிறது.

பிள்ளைகள் எப்போதும் போனோடுதான். அவர்களை எப்படிச் செபத்துக்குக் கொண்டுவருவது?

கார்லோ அக்குதிசைக் காட்டுங்கள். 1991இல் பிறந்து 2006இல் 15 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த இத்தாலியப் பையன், கணினியில் கெட்டிக்காரன், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தளம் செய்தவன். 2025 செப்டெம்பர் 7இல் பாப்பரசர் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். இணையத்தளத்தைப் பற்றி எல்லாரும் கதைக்கிறார்கள், அவர் ஒவ்வொரு நாளும் பூசைக்குப் போனதையும் செபமாலை சொன்னதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றபடி, இரவுச் செபமாலை நேரத்தில் தகப்பனும் தாயும் முதலில் தங்கள் போனைத் தூர வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எங்கள் கோயிலிலும் நேரலை தொடங்கப் போகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பங்குத்தந்தையின் சம்மதத்துக்குப் பிறகு, கருவி வாங்கமுன், ஒரு கொப்பியை எடுத்து உங்கள் பங்கில் கோயிலுக்கு வர முடியாதவர்களின் பெயரை எழுதுங்கள். கால் இழந்தவர்கள், முதுகில் சன்னத்தோடு படுத்திருப்பவர்கள், வயோதிபர்கள், கைக்குழந்தைக்காரர். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், போன் இருக்கிறதா, சிக்னல் வருமா, ரீலோட் போட வசதி உண்டா, இயக்கத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாதவர்களுக்கு ஞாயிறு காலையில் போய்ப் போட்டுவிட ஒரு இளைஞரைப் பொறுப்பாக்குங்கள், அவர் சனி பின்னேரப் பூசைக்கோ அடுத்த பூசைக்கோ போகட்டும். அதே பட்டியலின் ஒரு பிரதியை நற்கருணை கொண்டுபோகிறவர்களிடம் கொடுங்கள்.

கருவி என்று பார்த்தால் ஒரு நல்ல போன், அசையாத ஸ்ராண்ட், பவர்பாங்க், ஒலிபெருக்கிக் கருவியிலிருந்து நேரே போனுக்கு ஒரு வயர் போதும். படம் மங்கினாலும் பொறுக்கலாம், குரல் கேட்காவிட்டால் யாரும் இருக்க மாட்டார்கள். போனைப் பக்கச் சுவரோரம் வையுங்கள், நடுவில் வைத்தால் வருகிறவர்களுக்குப் பீடம் மறையும். நன்மை வாங்குகிற வரிசையையும் பிள்ளைகளின் முகங்களையும் காட்ட வேண்டாம், அந்த நேரத்தில் பீடத்தையோ நற்கருணைப் பேழையையோ காட்டுங்கள். சினிமா மெட்டுப் பாட்டுப் போட்டால் பேஸ்புக் சத்தத்தை நிறுத்திவிடும், அந்த மெட்டு கோயிலுக்கே வேண்டாம். கருத்துப் பெட்டியை மூடிவைத்து, மன்றாட்டுகளை அனுப்ப ஒரு வட்ஸ்அப் இலக்கம் கொடுங்கள், வருகிற மன்றாட்டுகளை அச்சிட்டு அடுத்த பூசையில் பீடத்தில் வையுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கொப்பியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். குணமாகி எழும்பியவர்களைக் கோயிலுக்குக் கூட்டி வர ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அவர்களுடைய பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதுங்கள்.